கீழ்வயலுக்குத் தண்ணீர் வந்த வழி

தென்னையின் வயதை அறியச் சான்றிதழ் வேண்டாம். மட்டை விழுந்த இடத்தில் ஒரு தழும்பு நிற்கும். ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டு அடியிலிருந்து எண்ணி, கன்றாக இருந்த காலத்தையும் கூட்டிக்கொண்டால் போதும். அன்று மாமாவின் நிலத்தில் கையில் சாக்பீசோடு அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்க்கும் சிரமம்கூட இல்லை. மரங்கள் அவ்வளவு குட்டை.

வயலை மண் போட்டு மூடக்கூடாது என்று சட்டம் வருவதற்கு முன்பே மூடிய நிலமென்றால், நெல்வயல் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அங்கே வீடு கட்டலாம். பிறகு மூடியதென்றால் முடியாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் பஞ்சாயத்தில் அதை நேரில் பார்த்து எழுதுவது, கிருஷி ஆபீஸ் என்கிற வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளனான என் வேலை. மாமாவின் தென்னைகள் சட்டத்துக்குப் பின்னால் பிறந்தவை. எப்படி எண்ணினாலும் அதுதான் வந்தது.

மாமா, அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்த வயலின் நெல்லில்தான். அவர் கெஞ்சவில்லை. "எண்ணு மாப்ள, நல்லா எண்ணு. நீ சோறு தின்ன வயலுதான? பையனுக்கு ஒரு ஊடு கட்டோணும், அவ்வளவுதான்" என்று சிரித்தார். 'பழைய தென்னந்தோப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாமாவின் வயலுக்குக் கீழே இருந்தது அக்காவின் வயல். அக்கா எங்களுக்கு உறவில்லை; ஊரே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். மாமா தென்னை வைத்த பிறகும் கால்வாய்த் தண்ணீர் மரங்களுக்கு இடையே ஓடி, வரப்பில் வெட்டிய மடை வழியாகத்தான் அவருடைய வயலில் இறங்கும். வேறு வழி கிடையாது. மாமாவின் காம்பவுண்டுச் சுவருக்குக் கல் இறங்கிய அன்று அக்கா ஆபீசுக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, மேக்க செவுரு வெச்சுப்போட்டா எம்பட வயலுக்குத் தண்ணி எப்படிங்க வரும்?"

"ஓரமா வாய்க்கால் விடச் சொல்றனுங்க அக்கா" என்றேன். மாமாவிடம் சொல்லவும் செய்தேன். ஒரே ஒரு முறை. அவர் "பாக்கலாம் மாப்ள" என்றார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். சுவர் எழும்பியது, வாய்க்கால் வரவில்லை. ஒரு போகம் வாடகை மோட்டார் வைத்து ஓட்டிப் பார்த்தார் அக்கா. கதிர் பாலேறும் நேரத்தில் தண்ணீர் பற்றாமல் பாதி பதராகப் போயிற்று. அடுத்த வருஷம் நாற்று விடவில்லை. இப்போது நூறு நாள் வேலைக்குப் போய் ரோட்டோரம் புல் வெட்டுகிறார். அவருடைய வயலில் அதைவிட உயரமாகப் புல் நிற்கிறது.

போன மாதம் அவருடைய விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது. தம்முடைய நிலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துத் தர வேண்டுமாம். பட்டியலில் இருக்கும்வரை யாரும் வாங்க மாட்டார்கள். விற்றால்தான் கோயம்புத்தூரில் மகள் வீட்டுப் பக்கம் போய்ப் பிழைக்க முடியும். பார்க்கப் போனேன். மண் போட்டதில்லை, மரம் நட்டதில்லை. வரப்புகள்கூடக் கலையவில்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உங்க மாமனுக்குத் தென்னையிருந்துச்சு, எண்ணுனீங்க. எங்கிட்ட எதைங்க எண்ணுவீங்க?"

ஏச்சாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. அவருக்காக இன்னொரு பொய் எழுதலாமென்று ஒரு கணம் தோன்றியது. எழுதினாலும் நிற்காது, இப்போது மேல் ஆபீசில் சாட்டிலைட் படம் வைத்துச் சரிபார்க்கிறார்கள். 'நெல்வயல்' என்றே எழுதினேன். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று.

இந்த வருஷம் பஞ்சாயத்தின் நெல்வயல் பரப்பைக் கூட்டி மேலே அனுப்பியதும் நான்தான். அதில் அக்காவின் நிலமும் சேர்ந்திருக்கிறது.