தள்ளுவதும் சேர்த்துத்தான் டிக்கெட்

அந்த ஜீப்பை நான் முதன்முதலில் பார்த்தபோது அதன் டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. பேரிகையில் தக்காளி மண்டிக்குப் பின்னால், டயர்கள் பாதி மண்ணில் புதைந்து, மேலே போட்ட தார்ப்பாய் கிழிந்து, பார்க்கவே பரிதாபமாக நின்ற வண்டி. கோழி மட்டும் நன்றாக இருந்தது. எனக்கு அந்த வண்டியைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும் என்று மண்டிக்காரர் சொன்னார். எங்கள் ஊருக்கும் ஓசூருக்கும் நடுவில் மலையே கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வண்டி எனக்கு எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். காலை ஷிஃப்ட் ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் பாகலூர் வரைக்கும்தான் வரும். எங்கள் ஊர் அதையும் தாண்டி பேரிகை ரோட்டில் இருக்கிறது. அதனால் என் வீட்டுக்காரர்தான் தினமும் விடியற்காலையில் பைக்கில் பாகலூருக்குக் கொண்டுவந்து விடுவார். நல்ல மனுஷன், குறை சொல்லக் கூடாது. ஆனால் குடைமிளகாய் போடுகிறவர். வழியில் இன்னொரு குடைமிளகாய்க்காரரைப் பார்த்துவிட்டால் பைக் தானாக நின்றுவிடும். ரேட் என்ன, எந்த மருந்து அடித்தாய், பூச்சி போனதா என்று இரண்டு பேரும் ஆரம்பித்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நான் ஒரு மூட்டைதான். எத்தனை நாள் என் கண்ணெதிரே பஸ் கிளம்பிப் போயிருக்கிறது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

ஜீப்பை வாங்கிவிட்டேன் என்று சொன்னதும் அவர் நேராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சாப்பிட உட்கார்ந்தவர் முதல் வாய் களியை உருட்டியபடியே தீர்ப்புச் சொன்னார்.

“அது எடைக்குப் போடற வண்டிமே. ஒரு மாசம் ஓட்டு, பாக்கறேன். ஒரு நாள் நீ கம்பெனில லேட்டா கார்டு போட்டாலும் அது காயலான் கடைக்குத்தான் போவும். சரியா?”

சரி என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தடவை விஷயம் வேறு. வீடு அவர் அப்பா கட்டியது, நிலம் அவர் பெயரில், பைக் அவருடையது. எனக்கென்று நானே பார்த்து, நானே பிடித்து வாங்கிய பெரிய பொருள் இது ஒன்றுதான். அதை எவனோ கட்டரால் அறுத்து எடை போடுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வண்டி உடனே கைக்கு வரவில்லை. கோழி அடை முடிகிறவரைக்கும் நகர்த்தக் கூடாது என்று மண்டிக்காரர் வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குஞ்சு பொரிந்து எல்லாம் கீழே இறங்கிய பிறகு பேரிகை மெக்கானிக் பாய் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் “இதுவும் போயிருச்சு அக்கா” என்று சந்தோஷமாகச் சொன்னார். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. டிரைவர் காலுக்குக் கீழே தகரம் அரித்து ரோடு தெரிந்தது. அதை மட்டும் அடைக்க வேண்டாம், வெயில் காலத்தில் காற்று வரும் என்றார். பிரேக் மட்டும் பிடித்தால் போதும், மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நானும் சொன்னேன்.

வண்டி தயாரான அன்று நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இதில் இரண்டு கியர் ராடு இருந்தது. பெரியது தினப்படிக்கு, சின்னது சேற்றில் மாட்டினால் நாலு சக்கரத்தையும் சேர்த்து மெதுவாக இழுக்க. பாய் இதைச் சொன்னபோது நான் ஹார்னை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது கைக்குக் கிட்டே இருந்த சின்ன ராடைப் பிடித்து இழுத்துவிட்டேன். வண்டி உறுமியது, ஊளையிட்டது, புகை விட்டது, ஆனால் நகர்வது மட்டும் நத்தையாக நகர்ந்தது. பழைய வண்டி, இதன் வேகமே இதுதான் போல என்று நினைத்து நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த ஒருவர் கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே வந்து, யார் தவறிவிட்டார்கள், எப்போது எடுக்கிறார்கள் என்று மரியாதையாக விசாரித்தார். அப்புறம் தாண்டிப் போய்விட்டார். வீடு வந்து சேர்ந்ததும் பாய்க்கு போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது.

இன்னொரு கோளாறும் இருந்தது. ஸ்டார்ட்டர். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சாமான் பெங்களூரிலிருந்து வர வேண்டும், நாளைக்கு வந்துவிடும் என்றார் பாய். அந்த நாளை அந்த மாதம் முழுக்க வரவில்லை. அதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ஏரிக்கரைக்கு ரோடு சரிவாக இறங்கும். சாயங்காலம் அந்தச் சரிவின் தலையில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைப்பேன். காலையில் கல்லை எடுத்துவிட்டு ஏறி ஹேண்ட் பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும். பாதிச் சரிவில் கிளட்ச்சை விட்டால் இரண்டு இருமல் இருமிக் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு ஓசூர் வரைக்கும் எஞ்ஜினை அணைக்கவே கூடாது. அவ்வளவுதான் ரகசியம்.

முதல் நாள் காலை. இன்னும் சரியாக விடியவில்லை, பனி. பக்கத்து ஊர் பஸ் ஸ்டாப்பில் வேகத்தடைக்காக மெதுவாகப் போனேன். பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் நாலைந்து பெண்கள் கொத்தமல்லிக் கட்டுகளோடு ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள். முக்காடு போட்ட ஒரு அம்மா, அவர்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, பக்கத் தகரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டி, போகலாம் என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது ஷேர் வண்டி இல்லை, கம்பெனிக்குப் போகிற வண்டி, இறங்குங்கள் என்றேன். பின்னே எதற்கு நிறுத்தினாய் என்று அந்த அம்மா தெலுங்கில் கேட்டார். நான் நிறுத்தவில்லை, வேகத்தடை என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மண்டிக்குப் பின்னால் போய்ப் படுப்பதற்கு முன்னால் இந்த ஜீப் வருஷக்கணக்காக இதே ரோட்டில் ஷேர் வண்டியாக ஓடியிருக்கிறது. விடியற்காலையில் இந்தச் சத்தம் கேட்டால் ஓசூர் மார்க்கெட்டுக்கு ஏற வேண்டும் என்று அவர்கள் காலுக்குப் பழகிப்போயிருக்கிறது. நடுவில் வண்டி சில வருஷம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது, ஏறிவிட்டார்கள். ஓட்டுகிற ஆள் மாறியது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இறக்கிவிட்டிருப்பேன். ஆனால் நின்று சண்டை போட்டால் ஷிஃப்ட் போய்விடும், வண்டியும் காயலான் கடைக்குப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பாகலூர் வருவதற்குள் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்திய அவசரத்தில் கிளட்ச்சை மறந்தேன். எஞ்ஜின் பொசுக்கென்று நின்றது. சமதரை. சாவியைத் திருப்பினேன், டிக்.

அந்தப் பெண்கள் கட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு வரிசையாக இறங்கினார்கள். புடவையைத் தூக்கிச் செருகினார்கள். எந்த இடத்தில் கை வைக்க வேண்டும், எப்போது தோளைக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு மனப்பாடம். அந்த அம்மா மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நடந்து வந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

“இரு, இப்ப உடாத. இரு. ஆங், இப்ப உடு.”

விட்டேன். இருமிக் கிளம்பியது. ஓடும் வண்டியில் ஒவ்வொருவராக ஏறி, பழையபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து மருமகள் கதையைத் தொடர்ந்தார்கள். மார்க்கெட் வாசலில் இறங்கும்போது நான் நன்றி சொன்னேன். அதற்கு அந்த அம்மா சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

“இந்த வண்டிக்குத் தள்றதும் சேத்துதாம்மா டிக்கெட்டு.”

காசு நீட்டினார், நான் வாங்கவில்லை. அப்படியா என்று ஒரு கட்டுக் கொத்தமல்லியை முன் சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தினமும் ஒரு கட்டு. எங்கள் வீட்டில் கொத்தமல்லித் துவையல், கொத்தமல்லி சாதம், கொத்தமல்லி போட்ட களிக் குழம்பு. கம்பெனியிலும் சமதரைதான், திரும்பும்போது என் லைன் பெண்கள் தள்ளினார்கள், அவர்களுக்கும் ஆளுக்கொரு பிடி. வீட்டுக்காரர் தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உன் எடைக்குப் போடற வண்டி இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கேட்பார். ஒரு நாள்கூட லேட்டாகவில்லையே, அதுதான் பதில்.

இப்படியே மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு காலை. ஜெயித்தாயிற்று என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வண்டிக்கு ஒரு பூஜையாவது போட வேண்டாமா, ஊர்க் கண்ணெல்லாம் பட்டிருக்குமே என்று தோன்றியது. சாயங்காலம் நன்றாகக் கழுவினேன். பூஜை என்றால் வண்டி கிழக்கே பார்த்து நிற்க வேண்டும்; சரிவில் நின்றால் தெற்கே ஏரியைப் பார்த்து நிற்கும். அதனால் வாசலுக்குள் கொண்டுவந்து, திருப்பி, கிழக்கு முகமாக நிறுத்தி, எஞ்ஜினை அணைத்தேன். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பழத்தைக் காலையில் கிளம்பும்போது நசுக்கிக்கொள்ளலாம், வேலைக்குப் போகிற ஓட்டத்தில் நசுங்கினால் இன்னும் விசேஷம் என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டேன். சூடம் காட்டும்போது வீட்டுக்காரர்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காலையில் கல்லை எடுக்கலாம் என்று கீழே குனிந்தபோதுதான் கல்லே இல்லை என்று தெரிந்தது. சரிவும் இல்லை. மாலை போட்டுக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு, மணமேடையில் இருக்கிற மாதிரி வண்டி சமதரையில் நிற்கிறது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். டிக். இன்னொரு தடவை. டிக். தள்ளுகிற கூட்டம் பக்கத்து ஊரில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறது. அட முட்டாளே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஒரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டிய வண்டியை நானே பூஜை போட்டு நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டு தொட்டிப் பக்கமிருந்து வந்தார். லுங்கி, ஓட்டை பனியன், வாய் நிறைய நுரை. வண்டியைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அழுவதை அவர் பார்க்கக் கூடாது என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். பைக் சாவியை எடுக்கப் போகிறார், இனி வழியில் யார் யாரோடு பேசுவாரோ என்று காத்திருந்தேன்.

வண்டி அசைந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். பிரஷ்ஷை வாயில் கடித்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழம் ஒவ்வொன்றாக நசுங்கியது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்து நான் ஸ்டியரிங்கை ஒடித்ததும் சரிவு வண்டியைப் பிடித்துக்கொண்டது. கிளட்ச்சை விட்டேன், கிளம்பிவிட்டது. நிறுத்தினால் போச்சு, அதனால் நிறுத்தவில்லை. அவர் பின்னாலேயே ஓடிவந்து தாவி ஏறினார். எதற்கு ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வழியில் நின்றால் யார் தள்ளுவார் என்று பிறகு ஒரு காரணம் சொன்னார்.

அடுத்த ஊரில் கொத்தமல்லிப் பெண்கள் ஏறினார்கள். லுங்கியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முறைத்துவிட்டு, அவர் மடியில் இரண்டு கட்டுகளை வைத்தார்கள். எஞ்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தி நான் அவரைக் கேட்டேன், தள்ளாமல் இருந்தால் நீங்கள்தானே ஜெயித்திருப்பீர்கள் என்று.

“ஜெயிச்சு இன்னா பண்றது? மறுபடியும் தெனம் காலைல உன்ன வெச்சுக்கினு பாகலூர் போறதா?”

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் கண் கடிகாரத்தில் இருந்தது.

கம்பெனி கேட்டுக்கு முன்னால் எஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். கார்டைப் போட்டேன். ஆறுக்குள்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். வண்டி என்னுடையது.

வெளியே ஒரே கூச்சல். கேட் கம்பி வழியாகப் பார்த்தால், பெரிய சார் கார் வந்து நிற்கிறது. அதற்கு வழி விடச் சொல்லி செக்யூரிட்டி, இந்த எடைக்குப் போடற வண்டியை யார் இங்கே நிறுத்தியது என்று கேட்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் ஒரு கையில் லுங்கியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பல் பிரஷ்ஷை நீட்டிக்கொண்டு அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பற்றி உனக்கு என்ன தெரியும், நாலு சக்கரமும் இழுக்கும், மலையே ஏறும், ஒரு மாதமாக ஒரு நாள் லேட்டாகியிருக்கிறதா என்று உள்ளே போய்க் கேட்டுப் பார் என்று பெரிய சாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். மாதமெல்லாம் அவர் வாயில் அது ‘உன் வண்டி’. நான் கார்டு போட்டேனா இல்லையா என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான் லேட்டு என்றால் இன்றைக்கு அதைக் காயலான் கடைக்குக் கொண்டுபோக வேண்டியவரே அவர்தான்.

அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுவில் கேட் இருந்தது, பெரிய சார் காரும் இருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டார். கார்டு போட்டாயா என்று கேட்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் வந்து, வாயில் காய்ந்த நுரையோடு, என்னிடம் முறையிட்டார்.

“எடைக்குப் போடற வண்டியாம் இது. கேட்டியா?”

“கேட்டேன்” என்றேன்.