வில்ஃப் விட்ட இடைவெளி

வில்ஃப் ஹெப்வொர்த் மேடையில் பேசும்போது அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம் அடித்தவன் நான். இங்கிலாந்தின் வடக்கே, பார்ன்ஸ்லி பக்கத்தில் சுரங்கக்காரர்கள் நடத்தும் கிளப். வாரம் முழுக்க எனக்கு நிலக்கரி, ஞாயிறு மத்தியானம் டிரம். படிப்பு ஏறவில்லை. ஆனால் ஒரு ஜோக் எங்கே விழும் என்று தெரியும், விழுந்ததும் டிரம்மில் ஒரு தட்டு தட்டுவதுதான் என் வேலை. தெரியாதவன் கம்பை எங்கே தட்டுவான்?

ஞாயிற்றுக் கூட்டம் பொல்லாதது. முழுக்க ஆம்பளைகள். வீட்டில் அடுப்புக்குள் மாட்டிறைச்சி வெந்துகொண்டிருக்கும், அது ஆறுவதற்குள் பெண்டாட்டி முன்னால் போய் உட்கார வேண்டும். அதற்குள் பீர், பிங்கோ, ஒரு பாட்டுக்காரி, ஒரு காமெடிக்காரன். காமெடிக்காரன் சரியில்லை என்றால் செயலாளர் ரெக் பாதியில் மேடையேறி மைக்கை வாங்கி, "கறி ரொட்டி சூடா வந்திருக்கு, வரிசையா வாங்கப்பா" என்பான். அவ்வளவுதான், ஆளை அனுப்பிவிட்டார்கள் என்று அர்த்தம்.

வில்ஃபை ஒருநாளும் அப்படி அனுப்பியதில்லை. பகலில் பஸ் கண்டக்டர். தன் பேச்சு முழுவதையும் தானே எழுதினான். ஒரு வரி தேற ஒரு குளிர்காலம் ஆகும் அவனுக்கு. அதிலும் நாய் ஜோக் இருக்கிறதே. "என் மாமியா வந்தா எங்க நாய் வெளிய போயிடும். ரொம்ப புத்திசாலி நாய்" என்பான். அப்புறம் வாயைத் திறக்கமாட்டான். கூட்டத்தைப் பார்ப்பான், பீரை ஒரு வாய் குடிப்பான். இனித் தாங்காது என்கிற நேரத்தில், "சாவியையும் எடுத்துட்டுப் போயிடும்" என்பான். கூரை பிய்த்துக்கொண்டு போகும். அந்த இடைவெளியைக் கற்றுக்கொள்ளத்தான் அவனுக்குப் பாதி ஆயுள் போனது.

கிளப் காமெடிக்காரனுக்கு ஒரே பேச்சு ஆயுசுக்கும் போதும். இந்த வாரம் இந்த ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். திரும்பி வருவதற்குள் பீர் எல்லாவற்றையும் மறக்கடித்திருக்கும்.

பிறகுதான் டிவிக்காரர்கள் வந்தார்கள். பெவன் என்று ஒரு தயாரிப்பாளர், லண்டன் ஆள். மூன்று சனிக்கிழமை பேசச் சொன்னார், நன்றாகப் போனால் வில்ஃப் எழுதி நடிக்கத் தனித் தொடர் என்றார்.

"இருக்கிற ஜோக்கெல்லாத்தையும் அங்க கொட்டிடாதடா" என்றேன்.

"மிச்சம் வச்சா தொடர எனக்கு எதுக்குடா குடுப்பான்? எனக்கு அம்பது வயசு. இன்னொரு தடவ எவன் வந்து கதவத் தட்டுவான்?"

கொட்டினான். நாடே சிரித்தது. சொன்னபடி அந்தத் தொடரும் வந்தது, பஸ் டிப்போவில் நடக்கிற கதை. ஆறு வாரம் ஓடியது. யாரும் பார்க்கவில்லை. அதன்பிறகு பெவன் போனை எடுப்பதில்லை.

வில்ஃப் கிளப்புக்குத் திரும்பினான். அன்றைக்கு நிற்க இடமில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள். நாய் ஜோக்கை ஆரம்பித்தான். "புத்திசாலி நாய்" என்று நிறுத்தி, பீர் கிளாஸைத் தூக்கினான். அது உதட்டுக்குப் போவதற்குள் மொத்த மண்டபமும் ஒரே குரலில், "சாவியையும் எடுத்துட்டுப் போயிடும்" என்றது. சொல்லிவிட்டுத் தாங்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஜோக்கும் அப்படியே. அதற்கடுத்ததும். அவனைக் கேலி செய்யவில்லை, மரியாதை செய்தார்கள். நம்ம ஊர்க்காரன், டிவியில் வந்தவன், அவன் பேச்சு நமக்கு மனப்பாடம் என்று காட்டினார்கள். என் கம்பு அந்தரத்திலேயே நின்றது.

முடிந்ததும், மேடைக்குப் பின்னால் பீர் பீப்பாய் வைக்கிற அறையில் ரெக்குக்கு ஒரே சந்தோஷம். "இத்தன கைதட்டு நீ வாங்குனதே இல்ல வில்ஃப்."

"எனக்கு எங்க வேல இருந்துச்சு ரெக்? அவங்களே சொன்னாங்க, அவங்களே சிரிச்சாங்க."

"சிரிப்பு சிரிப்புதானப்பா. அடுத்த மாசம் வர்றியா?"

புதிதாக எழுத உட்கார்ந்தான். அடுக்களையில் பெண்டாட்டி மேவிஸுக்குப் படித்துக் காட்டினான். "அவ எல்லாத்துக்கும் சிரிக்கிறாடா, அதான் பயமா இருக்கு" என்றான் என்னிடம்.

அடுத்த மாதம் புதுப் பேச்சோடு ஏறினான். பாவம், கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். ஓரத்திலிருந்து ஆல்பர்ட் ஸ்டாக்ஸ், சுரங்கத்தில் என்னோடு வேலை பார்க்கிறவன், அன்பாகத்தான் கேட்டான்: "இதெல்லாம் எதுக்கு வில்ஃப், நாயச் சொல்லேன்." மற்றவர்களும் மேஜையைத் தட்டினார்கள். வில்ஃப் தலையை ஆட்டிவிட்டுப் புதியதையே தொடர்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. நான் இரண்டு இடத்தில் கம்பைத் தட்டினேன், அது இன்னும் கேவலமாகக் கேட்டது. மேஜைத் தட்டல் நின்று பேச்சுச் சத்தம் எழுந்தது. ரெக் மேடையேறினான். அவன் வாயைத் திறக்கும் முன்பே வில்ஃப் மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான்.

மறுபடி ஏறவில்லை. பஸ் டிப்போவில் டிக்கெட் ஜன்னலில் வேலை. ஞாயிறு மட்டும் கிளப்பின் பக்கத்து அறையில், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பான்.

ஒரு ஞாயிறு அங்கே பீர் வாங்கப் போன என்னிடம் கேட்டான்: "உள்ள யாருடா?"

"ரோதரம் ஊர்ப் பையன் ஒருத்தன்."

"சொந்தமா எழுதுறானா?"

"தெரியலடா."

"சிரிக்கிறாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மண்டபம் அதிர்ந்தது.

"போ, போய் டிரம் அடி. பையனுக்கு ஆள் வேணும்ல" என்றான்.

நான் முடித்துவிட்டு வந்தபோது அவன் இல்லை. கிளாஸில் பாதிக்குமேல் பீர் அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். மேவிஸ்தான் கதவைத் திறந்தாள்.

"உள்ளதான் இருக்கார். ஜனங்க சிரிக்கிற இடத்துக்கு இனிமே வரமாட்டாராம்" என்றாள்.