மாமன் மடியில் ஒரு ஊசி

ஊசி போடுகிற வேலைக்குப் போனவளைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று மனசாரச் சொன்ன வீடு இந்தப் பூமியில் கிடையாது.

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு கையால் மறு கையைப் பொத்திக்கொள்கிறவர்களே, ஸ்பிரிட்டு வாசனை வந்தால் வாசல் பக்கம் நழுவுகிறவர்களே, இது உங்களுக்காகத்தான். என் தொழிலுக்குத் துரோகம் என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயந்ததில் நியாயம் உண்டு. அந்தக் காலத்து ஊசி லேசுப்பட்டதில்லை. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்து, முனை மழுங்கினால் கல்லில் தீட்டி, மறுபடியும் உங்கள் மேலேயே பிரயோகிப்போம். எழுபதுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பிரசவம் பார்க்கிற நர்ஸ். கூட ஆயா பாப்பாத்தியக்கா. லேடி டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளைப் பார்த்தாயிற்று. ஆனால் நாகம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தருக்கும் யோக்கியதை இல்லை.

அந்த ஒரு ஊசி

நாகம்மா நெசவாளர் தெருப் பெண். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை, அதாவது அம்மாவின் தம்பி ரங்கசாமியை. ஆகவே அவளைப் பெற்ற கிருஷ்ணம்மாளே அவளுக்கு நாத்தனாரும் ஆனாள். வீட்டில் சண்டை வந்தால் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் அந்த அம்மாள் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள்.

முதல் பிரசவம் வீட்டில்தான் நடந்தது. பெண் குழந்தை நன்றாகப் பிறந்தது, தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தலையைத் தூக்கத் தெம்பில்லாமல் கிடந்தவள், ஊசியைக் கண்டதும் கட்டிலை விட்டு இறங்கி வாசல் வரைக்கும் நடந்துவிட்டாளாம். பிழைத்தது மறுபிறவி. இப்போது இரண்டாவது. ரத்தம் நிற்க ஒரு ஊசி இருக்கிறது, பிள்ளைக்குப் பின்னால் நஞ்சுக்கொடி விழுந்த கையோடு போட்டுவிட வேண்டும், அது என் அலமாரியில் தயாராக இருந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவள்தான் தயாராக இல்லை. விஷயத்தைக் கேட்டு லேடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஊசி உள்ளே போகலைன்னா இந்தத் தடவை வண்டி டவுன் வரைக்கும் வந்து சேராது. ஞாபகம் வச்சுக்கோங்க சிஸ்டர்."

தறிக்குழி

அதற்கு முன்னால் ஜன்னி வராமலிருக்கப் போடுகிற டெட்டனஸ் ஊசி வேறு இருந்தது. அதைப் போடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தெருவில் என் தலை தெரிந்ததும் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றுவிடும், ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு வீட்டில் மட்டும் சத்தம் அன்றைக்கு இரண்டு மடங்காகக் கேட்டது. நாகம்மா தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஊடு நூல் ஓடுகிற நாடாவை இப்படியும் அப்படியும் விசிறிக்கொண்டிருந்தாள். இடுப்புக்குக் கீழே குழிக்குள். முன்னால் நீள இழை பூட்டிய பாவு, இரண்டு பக்கமும் சுவர். கைகள் ஒரு நொடி ஓரிடத்தில் நிற்கவில்லை. பட்டாளத்துக்காரன்கூட அப்படி ஒரு இடம் பார்த்துப் பதுங்கியிருக்க மாட்டான்.

"எந்திரிச்சு வா தாயி" என்றேன். "இழை அந்துரும்" என்றாள். உட்கார்ந்தேன். காபி வந்தது. குடித்தேன். மறுபடி கூப்பிட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பாவையே கத்தரித்துவிடலாமா என்று பார்த்தேன். ரங்கசாமி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். வாயே திறக்காத மனுஷர் பஸ் ஏறும்போது மட்டும் சொன்னார்: "நீங்க வந்தா நல்லதுதான் நர்ஸம்மா. ஒரு வாரத்துச் சேலை ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு."

கத்தரிக்காய் வைத்தியம்

பயத்தைப் போக்க வேண்டுமானால் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் நாகம்மாவைப் பார்த்ததில்லை. அடுத்த தடவை போனபோது ஒரு கத்தரிக்காயைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிட்டுப் பஞ்சால் துடைத்து, அவள் கண்ணெதிரே சிரிஞ்சில் வெறும் தண்ணீர் ஏற்றி, நறுக்கென்று குத்தி எடுத்தேன். "பாத்தியா, அவ்வளவுதான். ஒரு சத்தம் உண்டா?" என்று நீட்டினேன்.

நாகம்மா கத்தரிக்காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குத்தின இடத்தை விரலால் தடவினாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சிரிஞ்சை மறுபடி கையில் எடுத்தேன். அவள் மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கத்தரிக்காயை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அதுக்கு வாய் இருந்திருந்தா இந்நேரம் உங்களை வைஞ்சிருக்கும்."

காதுகுத்து

அவளுடைய மூத்த குழந்தைக்குக் காது குத்தினார்கள். எனக்கும் அழைப்பு. கையில் பெட்டி கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு. நாகம்மாவின் அண்ணன், அதாவது குழந்தைக்குத் தாய்மாமன், சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். குழந்தை வாயில் வெல்லக்கட்டி. ஆசாரி ஊசியை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், நாகம்மா ஏழு மாத வயிற்றோடு கொல்லைப்புறம் ஓட்டம் பிடித்தாள். நானும் பின்னாலேயே போனேன். கிணற்றடியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

குழந்தை அழுது ஓய்ந்த பிறகு, அவள் காதில் தொங்கிய தோட்டைக் காட்டி, "உனக்கும் குத்தித்தானேடி இருக்கு. அன்னைக்கும் இப்படித்தான் ஓடினியா?" என்று கேட்டேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். எதற்கு இந்த நேரத்தில் வெட்கம் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிய இந்தப் பெண் வாயிலிருந்து ஊசியைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை அதற்கப்புறம்தான் வந்தது: "அன்னைக்கு வலிக்கவே இல்ல நர்ஸம்மா. மாமா மடியிலல்ல இருந்தேன்."

மாமா என்றால் ரங்கசாமி. அன்றைக்கு அரும்பு மீசைக்காரராக இருந்து அவளை மடியில் வைத்துக் காது குத்த வைத்த அதே ரங்கசாமி. பந்தியில் எனக்கு எதிரேதான் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பாயசத்தைக்கூட விட்டுவிட்டு எழுந்து, அவர் காதோடு விஷயத்தைச் சொன்னேன். மனுஷருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இத்தனை பெரிய பொம்பளைய மடியில வச்சா ஊரு என்ன சொல்லும்?"

ஒத்திகை

ஊர் என்ன சொல்லும் என்பதை ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டோம். பட்டப்பகலில், அவர்கள் வீட்டு முற்றத்தில், ரங்கசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாகம்மா பாதி உடம்பை அவர் மடியில் சாய்த்துக்கொண்டாள். முழுசாக உட்கார வயிறு இடம் கொடுக்கவில்லை. ஜன்னலில் ஒரு வரிசை, சுவருக்கு மேலே ஒரு வரிசை என்று தெருவே நின்று சிரித்தது. ரங்கசாமியின் முகம் செம்மண்ணாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஒரு கையால் அவள் கண்ணைப் பொத்தினார். இன்னொரு கையால் வெல்லக்கட்டியை அவள் வாயில் போட்டார். நான் ஜன்னி ஊசியைக் குத்தி எடுத்துவிட்டேன். பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, "இன்னும் போடலியா?" என்றாள் நாகம்மா.

எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன். கிருஷ்ணம்மாள் மகளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாஞ் சரி. தாய்மாமன் சீரு எங்கடா தம்பி?"

ஆம்பளை நுழையாத அறை

வலி எடுத்தது ஒரு சித்திரை மத்தியானம். வண்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது, உள்ளே தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். வலியை அவள் பொறுத்துக்கொண்ட அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, என் கையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கூப்பாடு இல்லை. இவளையா பயந்தாங்கொள்ளி என்றோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆண் குழந்தை. பிறந்ததும் வீரிட்டது. நஞ்சும் விழுந்தது. கூடவே ரத்தமும் வரத் தொடங்கியது, நாங்கள் பயந்த மாதிரியே. நான் சிரிஞ்சை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அதுவரைக்கும் தமிழ் பேசியவள் தெலுங்குக்கு மாறிவிட்டாள். "வத்து, வத்து" என்று, வேண்டாம் வேண்டாம் என்று, இரண்டு கையையும் முதுகுக்குக் கீழே திணித்துக்கொண்டாள். பாப்பாத்தியக்கா வயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி நனைந்துகொண்டே போனது.

"ரங்கசாமியைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன். பிரசவ அறைக்குள் ஆண் வாசனையே பட்டதில்லை. பாப்பாத்தியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆம்பளையவா? இங்கனக்குள்ளயா? வேலை போயிரும் தாயி" என்றாள். "போகட்டும்" என்றேன். என் குரல் வராந்தாவுக்கே கேட்டிருக்க வேண்டும். கதவு தானாகவே திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையால் காற்றைத் துழாவிக்கொண்டு மனுஷர் உள்ளே வந்தார். இனாமல் பேசின் ஒன்று உருண்டது. நான் அவர் தோளைப் பிடித்துக் கட்டிலின் தலைமாட்டில் உட்காரவைத்து, அவள் தலையைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். "மாமா வந்துட்டேன் புள்ள" என்று அவர் கையால் தேடி அவள் கண்ணைப் பொத்தினார். இடுப்பு முடிச்சிலிருந்து வெல்லக்கட்டி வெளியே வந்தது. நாகம்மாவின் கை ஒன்று முதுகுக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்து என் பக்கம் நீண்டது.

ஊசி உள்ளே போயிற்று. வயிற்றை அழுத்திக்கொண்டே காத்திருந்தோம். கர்ப்பப்பை என் கைக்குக் கீழே கல்லாக இறுகியது. ரத்தம் குறைந்தது, பிறகு நின்றது. ஜெயித்துவிட்டோம்! குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். நாகம்மா வெல்லத்தை மென்றுகொண்டே பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். ரங்கசாமி மட்டும் கண்ணை மூடினபடியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பெரிய உசுரு பிழைச்சிருச்சா நர்ஸம்மா? பிழைச்சிருச்சுன்னா கண்ணைத் திறக்குறேன்."

வராந்தாவில் மீசைகள்

விஷயம் பாலவனத்தம் வரைக்கும் பரவிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் ஊசிக்கு வந்த கர்ப்பிணிகள் தனியாக வரவில்லை. தாய்மாமனோடு வந்தார்கள். கட்டிக்கொண்ட மாமன், கட்டிக்கொள்ளாத மாமன், சித்தப்பா முறைக்காரரை மாமா என்று பொய் சொல்லிக் கூட்டிவந்த கதைகூட உண்டு. அந்த வாரம் லேடி டாக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வராந்தா பெஞ்சு நிறைய மீசைக்காரர்கள். ஆளுக்கொரு வெல்லக்கட்டியோடு எழுந்து கும்பிட்டார்கள். பிரசவ அறைக்குள் ஆண் வந்த சேதிக்கு என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கப்போகிறார் என்று நான் பயந்து நின்றேன். அவர், பிள்ளையோடு காட்ட வந்திருந்த நாகம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் வராந்தாவை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "சிஸ்டர், அந்த பெஞ்சு பத்தாது. இன்னொண்ணுக்கு எழுதிப் போடுங்க."

மாமன் இல்லாதவள்

மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தலைப்பிரசவம். பெற்றவர்கள் இல்லை, அம்மாவோடு பிறந்தவர்களும் இல்லை. புருஷன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ போயிருந்தான். சிரிஞ்சை எடுத்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். வராந்தாவில் இருந்த மாமன்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஊரான் வீட்டுப் பெண்ணுக்கு யார் மடி கொடுப்பார்கள்? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பிள்ளைக்கு எடை பார்க்க வந்திருந்த நாகம்மா, குழந்தையை ரங்கசாமி கையில் கொடுத்தாள். நேரே உள்ளே வந்தாள். கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிரிஞ்சு அவள் மூக்குக்கு நேரே இருந்தது. கண்ணைக்கூட மூடவில்லை. தன் மடியைத் தட்டிக் காட்டி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்: "மாமன் இல்லாட்டி என்ன தாயி, நான் இருக்கேன்ல. வந்து சாஞ்சுக்கோ."

அரசாங்கம் எங்களுக்கு சிரிஞ்சு கொடுத்தது, பஞ்சு கொடுத்தது, எழுதிப்போட்ட பெஞ்சைக்கூட ஒருவழியாகக் கொடுத்துவிட்டது. மடியை மட்டும் அவரவர் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது.