கும்பளங்கி மதகடியில் நான் அளக்காமல் விட்ட தண்ணீர்

இந்த ஜூனில் மட்டாஞ்சேரியிலிருந்து கும்பளங்கிக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை வேலைக்காக. இரண்டாம் தடவை என்னை யாரும் அனுப்பவில்லை. காயல் தண்ணீரில் உப்பு எவ்வளவு, மீனும் செடியும் எப்படி இருக்கின்றன என்று மாதம் ஒருமுறை பார்த்து எழுதுவது என் உத்தியோகம். இதே வேலையாகவோ, சும்மா ஊர் பார்க்கவோ அந்தப் பக்கம் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் பஸ் 1.10க்கு. பள்ளுருத்தி வழியாகப் பெரும்படப்பு, ஏறக்குறைய ஐந்து மைல், இருபது நயா பைசா. ஐம்பது நிமிஷம் ஆகும்; அதில் பாதி கருவாட்டுக் கூடைகளை மேலே ஏற்றுவதில் போய்விடும். என் ரசாயனப் பெட்டிக்கும் டிக்கெட் வாங்கச் சொல்லிக் கண்டக்டர் தகராறு செய்தார். கொடுக்கவில்லை.

பெரும்படப்பில் தோணித்துறைக்குக் கடவு என்று பெயர்; அங்கிருந்து கும்பளங்கிக்குத் தோணி. ஓட்டுகிறவர் முத்தையா, தூத்துக்குடிக்காரர், இங்கே வந்து இருபது வருஷம். பேச்சில் பாதி மலையாளம். தண்ணீர் என்ற சொல்லே அவருக்கு மறந்துவிட்டது, எல்லாம் ‘வெள்ளம்’தான். மனைவி ரோசம்மா கும்பளங்கிக்காரி. காயலை ஒட்டி இருவருக்கும் ஒரு வயல் உண்டு.

அங்கே வயல் பாதி வருஷம் இறால் குளம். ஜூன் மழை உப்பைக் கழுவியபின்தான் நெல். சேற்றைக் கூம்பு கூம்பாகக் குவித்து, அதன் மேல் விதையை முளைக்க விடுவார்கள். இந்த வருஷம் முதல் மழை பெய்தது, விதைத்தார்கள், அப்புறம் ஒன்பது நாள் மழையே இல்லை. நான் போனபோது கூம்புகள் வெடித்துக் கிடந்தன. மதகைத் திறந்து காயல் தண்ணீரை உள்ளே விட்டால் முளை பிழைக்கும். அந்தத் தண்ணீர் உப்பாக இருந்தால் அதோடு தீர்ந்தது.

“மூணு நாளு தாங்கும் சாரே,” என்றார் ரோசம்மா. “தொறக்கலாமா வேண்டாமா, அது மாத்திரம் சொல்லுங்கோ. வேற விதை கிடையாது.”

கரை நெடுக என் மற்ற இடங்களை முடித்துவிட்டு அவர்கள் மதகுக்கு எதிரே தோணியை நிறுத்தியபோது மணி 4.40. பெரும்படப்பில் கடைசி பஸ் 5.30. அடித்தண்ணீர் எடுக்க என்னிடம் ஒரு பித்தளைக் குப்பி உண்டு. இரண்டு முனையும் திறந்தபடி கயிற்றில் இறக்கி, மேலிருந்து ஒரு குண்டை நழுவவிட்டால் அடியில் மூடிக்கொள்ளும். அன்று மூடவில்லை. இரண்டு தடவை வெறுமனே மேலே வந்தது.

“குப்பிக்கும் இன்னைக்கு மடியா சாரே?” என்று முத்தையா சிரித்தார். மடி என்றால் சோம்பல்.

கழற்றித் துடைத்து எண்ணெய் போட அரைமணி நேரம் வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. எனாமல் குவளையால் மேலே மொண்டேன்.

“அடியில எடுக்கண்டே?” என்றார், எடுக்க வேண்டாமா என்று.

“அந்த வெங்காயத்தாமரையைப் பாருங்க அண்ணாச்சி. பச்சைப்பசேல்னு மிதக்குது. உப்பு இருந்தா கருகியிருக்கும்ல?”

அவரும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். “நல்ல வெள்ளம்தான்.”

வரப்பில் உட்கார்ந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். உப்பு குறைந்தால் நிறம் சீக்கிரம் மாறும்; சீக்கிரமே செங்கல் நிறம் வந்துவிட்டது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு, நெல் தாங்கும். பதிவேட்டில் ‘மேல்’ என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். ‘அடி’ என்ற இடத்தில் ‘மேற்படி’ என்று எழுதினேன். ரோசம்மாவிடம், “திறங்க,” என்றேன். பஸ் கிடைத்தது.

அடுத்த வாரம் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் முத்தையாவைப் பார்த்தேன். கை காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று மத்தியானமே அதே 1.10 பஸ் ஏறினேன். வேறு தோணி.

வயலைப் பார்த்ததும் கேட்க ஒன்றும் இல்லை. கூம்புகளின் மேல் முளை எல்லாம் வைக்கோல் நிறம். தண்ணீர் நின்ற உயரத்துக்கு வெள்ளைக் கோடு. ரோசம்மா வரப்பில் நின்றிருந்தார்.

“எந்தா சாரே, இன்னைக்கும் வெள்ளத்துக்குப் பரீட்சையா? போன பரீட்சையில யாரு தோத்தது?”

மதகுக்கு எதிரே குப்பியை இறக்கினேன். எண்ணெய் போட்டிருந்தேன். முதல் தடவையே மூடியது. பத்தடி ஆழம். மேலே அதே ஒரு கிராம். அடியில் பதினாறு. ஆற்றுத் தண்ணீர் லேசு, மேலே ஓடும். கடல் தண்ணீர் கனம், அடியில் நுழையும். பரீட்சையில் படம் போட்டு எழுதி மார்க் வாங்கிய விஷயம். வெங்காயத்தாமரையின் வேர் ஓரடிக்குக் கீழே போவதில்லை. முத்தையாவின் கையும் போகவில்லை.

அடியில் பதினாறு என்று சொன்னேன். ரோசம்மா மதகைக் காட்டினார். “பலகையை அடியிலேருந்துதானே தூக்கறோம். அடி வெள்ளமில்லே முதல்ல உள்ள கேறும்? அது சாருக்குத் தெரியாதோ?”

“தெரியும்.”

“தெரிஞ்சிருந்துமா?”

ரோசம்மா மறுநாள் மட்டாஞ்சேரிக்கு இஞ்சி தரம் பிரிக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். நெல் இனி அடுத்த வருஷம்தான், விதை கிடைத்தால்.

அலுவலகத்தில் அந்த ‘மேற்படி’யை அடித்தேன். பக்கத்தில் பதினாறு என்று எழுத முடியாது. அன்று நான் அளக்கவில்லை. அடித்த கோடு மட்டும் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: ஜூனில் குடையை விடக் கயிறு முக்கியம், பதினைந்து அடியாவது வேண்டும். குப்பியை வீட்டிலேயே வாளித் தண்ணீரில் இரண்டு தடவை மூடிப் பாருங்கள். கடல் ஓதம் ஏறி உச்சியில் இருக்கும்போது, அடியிலிருந்து எடுங்கள். கடவில் முத்தையாவைத் தேட வேண்டாம். அவர் தோணி இப்போது மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை ஏற்றுகிறது. கடைசி பஸ் போய்விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்படப்பிலிருந்து மட்டாஞ்சேரிக்கு நடக்க ஒரு மணி ஐம்பது நிமிஷம். இரண்டாம் தடவை நான் நடந்துதான் வந்தேன்.