தப்பிச்ச கதைக்கு ஒரு டீ

திம்மராயன் விற்றது பொய்தான். ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்.

சிப்காட் தொழிற்பேட்டையில் பைக்குக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற அந்தக் கம்பெனியில், திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்குமுன் எல்லாரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒருவர் முன்னால் வந்து ‘நியர்மிஸ்’ சொல்ல வேண்டும். அதாவது, விபத்து ஒன்று நடக்க இருந்து மயிரிழையில் நடக்காமல் போன கதை. முடித்ததும் சூப்பர்வைசர் மூன்று கேள்வி கேட்பார். ஏன் நடக்க இருந்தது? எப்படித் தப்பியது? மறுபடி நடக்காமலிருக்க யார் என்ன செய்யப் போகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும் கதை சொன்னவர் வாயைத் திறக்கக் கூடாது, சுற்றி நிற்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பொறுப்பு யார், என்றைக்குள் என்று போர்டில் எழுதி, போட்டோ எடுத்து மெயின் ஆபீசுக்கு அனுப்புவார்கள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாராவாரம் தப்பித்துக்கொண்டிருக்க மனுஷனால் ஆகுமா? நிஜமாகவே ஏதாவது நடந்திருந்தால் அதைச் சொல்ல எவனுக்கும் துணிச்சல் இல்லை. அங்கே ஏன் கை வைத்தாய் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே கதைக்குக் கிராக்கி வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட திம்மராயன் அந்தக் கிராக்கியைத் தீர்த்துவைத்தார். கூலி, கேன்டீனில் ஒரு டீ. கேட்பவன் முகத்துக்கு ஏற்ற மாதிரி தைத்துக் கொடுப்பார். சிவராஜுக்கு மட்டும் அளவு தப்பிவிட்டது. பைக்கில் வரும்போது சானமாவுக் காட்டோரம் யானை குறுக்கே வந்ததாகவும், ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்ததாகவும் கதை. யானைக்கு யார் பொறுப்பு என்று சூப்பர்வைசர் கேட்க, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசியில் அன்று லீவில் இருந்த எல்லப்பன் பெயரை எழுதிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட திம்மராயனுக்கு ஒரே ஒரு ஆளிடம்தான் தோல்வி. பேக்கிங்கில் வாஷர் சரிபார்க்கிற காத்தூன். மத்திகிரியில் இவர் குடியிருக்கும் லைன் வீட்டில் பக்கத்து ரூம், நடுவில் ஒற்றைச் சுவர். புருஷன் அஜாஸ் மாங்காய் வியாபாரி, மண்டியில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவன் எழவில்லை. மகள் ஆஃப்ஷீன் சிங்காரப்பேட்டையில் மாமன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். காத்தூன் கம்பெனிக்கு வருவாள், போவாள். யாராவது பேசினால் தலையாட்டுவாள். அவளைச் சிரிக்கவைத்துவிட வேண்டும் என்று திம்மராயன் கம்பெனி பஸ்ஸில் போடாத வேஷம் இல்லை. ஒரு நாள் புர்கா ஓரமெல்லாம் ஈரமும் சேறுமாக, ஓடிவந்து கடைசியாக ஏறினாள். மீன் பிடிக்கப் போனாயா என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இவர் பெண்சாதி முனிலட்சுமிக்கு வேறு கவலை.

“அது சோறே ஆக்கறதில்லய்யா. அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டு எவ்ளோ நாளாவுது. கதவத் தட்டுனா தொறக்குது, நல்லாருக்கன்கா அப்படீன்னு சொல்லிட்டு சாத்திக்குது. எனக்கு பயமா இருக்குது.”

“துக்கம் இருக்கும்டி. போவப் போவ சரியாவும்.”

“போவப் போவ ஆள் இருக்கணுமே.”

அதற்குப் பிறகு திம்மராயனும் அந்தச் சுவரில் காது வைத்துத்தான் படுத்தார். ஊர் வம்பெல்லாம் கேட்ட காதுக்கு அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரம் காத்தூன் முறை வந்தது. வெள்ளிக்கிழமை கேன்டீனில் டீ கிளாஸைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அதிகம் பேசமாட்டாளே என்று ரொம்பச் சின்னதாகக் கதை சொல்லிக் கொடுத்தார். வாஷிங் பக்கம் போனேன், தரை ஈரமாக இருந்தது, கால் வைத்தேன், வழுக்கியது, கம்பியைப் பிடித்துக்கொண்டேன், தப்பித்தேன். அவ்வளவுதான். ஒரு தடவை சொல்லிக் காட்டு என்றார். சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை.

திங்கட்கிழமை வட்டம் கூடியது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தினேஷ்குமார்தான் சூப்பர்வைசர். கையில் மார்க்கர். வாசல் பக்கம் பஸ் டிரைவர் வெங்கடப்பன் டீயோடு நின்றிருந்தார்.

“வாஷிங் பக்கம் போனன்,” என்றாள் காத்தூன். “தரை ஈரமா இருந்துச்சு. கால் வச்சன்.”

சரியாகத்தான் போகிறது என்று திம்மராயன் தலையாட்டினார். அடுத்தது ‘வழுக்குச்சு’, அதற்கடுத்தது கம்பி.

“வழுக்குச்சு. புடிச்சிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அது இவர் கதையில் இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, கம்பி கம்பி என்று வாயசைத்தார். அவள் இவர் பக்கம் பார்க்கவே இல்லை.

“வாஷிங் பக்கம் இல்லீங்க. எங்க வூட்டாண்ட ஏரி. போன மாசம். வழுக்கியும் வுழல. நானாத்தான் எறங்குனன்.”

எங்கோ கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. காத்தூன் வாஷரைக் கையில் உருட்டிப் பார்க்கிற அதே நிதானத்தில் சொன்னாள். அஜாஸ் போன பிறகு, எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பேச்சே தேவைப்படாமல் போய்விட்டது. மகளிடம் போனில் அழக் கூடாது என்று சீக்கிரம் வைத்துவிடுவாள். சாப்பிட்டியா என்று கேட்டு அவளும் வைத்துவிடுவாள். அன்று காலை பஸ்ஸுக்குத்தான் கிளம்பினாள். கால் ஏரிப் பக்கம் போய்விட்டது.

“அப்ப வெங்கடப்பண்ணா ஹாரன் அடிச்சாரு. லேட்டானா அரை நாள் போயிடுமேன்னு ஓடியாந்து ஏறிட்டன்.”

யாரோ சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்கள். அவளே லேசாகச் சிரித்தமாதிரி இருந்தது.

“பஸ்ல திம்மராயண்ணா கேட்டாரு, மீன் புடிக்கப் போனியான்னு. அன்னிக்கு எங்கிட்ட பேசுனது அவரு ஒருத்தருதான்.”

அன்றைக்குத் திம்மராயன் அந்த ஜோக்கைத் தேறாத ஜோக் என்று ஒதுக்கிவைத்திருந்தார்.

இதற்குத் தினேஷ்குமாருக்குப் பயிற்சியில் ஒன்றும் சொல்லித் தந்திருக்கவில்லை. முதல் இரண்டு கேள்வியும் கேட்கத் தேவையில்லாமல் முடிந்திருந்தன. பழக்கதோஷத்தில் மூன்றாவதைக் கேட்டுவிட்டார். குரல்தான் கீழே இறங்கிவிட்டது.

“இது மறுபடி நடக்காம இருக்க, யார் என்ன செய்யப் போறோம்?”

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மார்க்கர் மூடியைத் திறந்து திறந்து மூடினார். வட்டத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். லீவில் இருக்கிறவன் பெயரை எழுதித் தள்ள இது யானை இல்லை.

முதலில் பேசியது வெங்கடப்பன். அவர் வட்டத்திலேயே இல்லை. “அந்த முக்குல தெனம் ஹாரன் அடிக்கறன். அது ஏர்ற வரைக்கும் வண்டிய எடுக்கமாட்டன். லேட்டானா என்னக் கேளுங்க,” என்று டீ கிளாஸைப் பார்த்தபடி சொன்னார்.

“எங்களுக்கும் அதுக்கும் ஒரே சுவரு சார்,” என்றார் திம்மராயன். “முனிலட்சுமி பேரப் போடுங்க.”

“அவங்க நம்ம கம்பெனி இல்லியேண்ணா.”

“அவ எந்த வூட்ல என்னா நடந்தாலும் டூட்டில இருக்கறவ சார். எழுதுங்க.”

கேன்டீனில் என்னோடு உட்காரட்டும் என்றாள் சிவராஜின் லைனில் இருந்த ஒரு பெண். தினேஷ்குமார் கதையை எழுதவில்லை, பெயர்களை மட்டும் எழுதினார். என்றைக்குள் என்ற இடத்தில் ‘இன்றே’ என்று போட்டார். மெயின் ஆபீசிலிருந்து, முனிலட்சுமி எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டு அனுப்பினார்களாம். மெயின்டனன்ஸ் என்று பதில் போனதாகக் கேள்வி.

அன்று சாயங்காலம் முனிலட்சுமி ஆறுதல் சொல்லப் போகவில்லை. அரிசியும் பருப்புமாகத் தன் குக்கரைத் தூக்கிக்கொண்டு போய், வாஷர் போய்விட்டது, உன் குக்கரில் வைத்துக் கொடு என்று காத்தூன் அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். காத்தூன் அந்த வாஷரைக் கழற்றி, விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள்.

“இதுக்கு ஒண்ணும் ஆவலியேக்கா.”

“நீ ஆபீசருல்ல, உனக்குத் தெரியும். எனக்கு என்னா தெரியும்? வை அடுப்புல.”

சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த திம்மராயனுக்கு விசில் கேட்டது. பிறகு வெகுநேரம் பேச்சுக் கேட்டது. அஜாஸ் மாங்காயை முகர்ந்தே எந்தத் தோப்புக் காய் என்று சொல்வான் என்பதும், அப்படிச் சொன்னதில் பாதி தப்பு என்பதும் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. என்ன வார்த்தை என்று கேட்கக் காதை வைத்தவர், என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் அது புதுசு.

அடுத்த சனிக்கிழமை முனிலட்சுமி அவளை கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை, மாதம் ஒரு தடவை பேச்சு. பரீட்சை லீவுக்கு ஆஃப்ஷீன் வந்தாள். அம்மாவும் மகளும் அழ வேண்டியதைச் சேர்த்து அழுதார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் அந்தப் பக்கம் இன்னும் சத்தம் வராது. வராத நாளில் முனிலட்சுமியின் வாஷர் போய்விடும்.

நொடித்துப்போனது திம்மராயன் வியாபாரம்தான். அடுத்த திங்கட்கிழமை சிவராஜ், இவரிடம் கதை கேட்காமலே முன்னால் போய், சாராயம் குடித்துவிட்டுப் பைக்கில் பிள்ளையை உட்காரவைத்து வந்ததைச் சொன்னான். வாரத்துக்கு ஒருவராக நிஜத்தைக் கொண்டுவந்தார்கள். மிஷினைப் பற்றிய நிஜம்கூட வர ஆரம்பித்து, பிரஸ்ஸில் உடைந்துகிடந்த ஒரு தடுப்பை மாற்றினார்கள். திம்மராயனுக்கு ஓசி டீ நின்றது.

கடைசியில் அவர் முறையே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தைத்தவருக்குத் தனக்கென்று ஒரு துணி இல்லை. பொய் சொன்னால் இப்போது வட்டமே கண்டுபிடித்துவிடும். நிஜம் சொல்லிப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை கேன்டீனில் தாடையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர் பெஞ்சில் காத்தூன் வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறந்தாள், மூடினாள்.

“என்னாண்ணா, கதை இல்லியா?”

“இல்லம்மா.”

“எங்கிட்ட ஒண்ணு இருக்குது. தரட்டுமா?” முகத்தில் சிரிப்பே காட்டாமல் கேட்டாள். “டீ ஒண்ணு ஆவும்.”

திம்மராயன் எழுந்து போய் டீ வாங்கிவந்தார்.