கொரியாக்காரனிடம் நான்கே நிமிடத்தில் தோற்றேன்

நண்பர்களே, நம் குழுவில் யாரும் சிரிக்க வேண்டாம். இன்று மதியம் பீளமேட்டுப் பிரவுசிங் சென்டரில், இணையத்தில் ஒரு போர் விளையாட்டு ஆடி, முகம் தெரியாத கொரியாக்காரனிடம் நான்கே நிமிடத்தில் தோற்றேன்.

"உங்கள் நாட்டில் மட்டும் எப்படி எல்லோரும் இப்படி ஆடுகிறீர்கள்?" என்று சாட்டில் கேட்டேன்.

"எங்கள் தெருவிலேயே ஐந்து கேம் கடைகள். தினமும் பக்கத்து நாற்காலிக்காரனிடம் தோற்கிறேன்" என்றான். அதற்குள் லைன் கட்.

திரும்பினால், சென்டர் நடத்தும் சரசு அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறார். சுவரில் 'கேம்ஸ் விளையாடக்கூடாது' என்று ஒட்டியவரே அவர்தான். திட்டு விழும் என்று எழுந்தேன்.

"உக்காரு கண்ணு. எங்க கருமத்தம்பட்டில தறியும் இப்படித்தான். ஒருத்தர் ஊட்ல மட்டும் ஓடியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. தெருவே போட்டுச்சு. பக்கத்து ஊட்டுத் துணியப் பாத்துத்தான் எல்லாரும் நல்லா நெய்யப் பழகுனாங்க. நீ ஒத்தையா ஆடுனா எப்படி ஜெயிப்ப?"

சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளைக் கிழித்தார்.

"ஆறு கம்ப்யூட்டரையும் ஒயர் போட்டு இணைச்சுப்போடலாமா?"

இணைத்துவிட்டோம். நாளை மாலை ஐந்து மணிக்கு முதல் ஆட்டம். கொரியாவை எப்போது ஜெயிப்போமோ தெரியாது. அதற்கு முன் என்னைத் தோற்கடிக்க ஆள் வேண்டும்.

நான்கு நாற்காலிகள்தான் காலி. ஒன்று எனக்கு; இன்னொன்றில் அக்கா துண்டு போட்டுவிட்டார்.