சிவப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி

டோல்கேட் அருகே இருந்த அந்த மெக்கானிக்கிடம் காரை விடும் முன், கார்புரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மூன்றிலும் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவாரோ என்ற பயம். அப்பா வாடகைக்கு ஓட்டிய அந்தப் பழைய கார்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

அவர் ஒல்லி. காது மடலில் எப்போதும் கிரீஸ் இருக்கும். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார்.

"நியூட்ரல்ல உறுமுது. கிளட்சை மிதிச்சா நின்னுடுது," என்றேன்.

"கியர்பாக்ஸ் முன்னாடி பேரிங்கு பூட்ச்சு. சாய்ந்தரம் வா."

டிப்ளமோ படித்த நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். இருந்தாலும் நம்பவில்லை.

மாலையில் சத்தம் இல்லை. என் புள்ளிகள் மூன்றும் இருந்தன. குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸ் போல்ட் ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட் புள்ளி.

"இது என்னண்ணே?"

"நீ மேல வச்சே, நான் கீழ வச்சேன். வேற எவன்கிட்டயாவது கழட்டினு வந்து, நான்தான் கெடுத்தேன்னு சொன்னா? படிச்ச பொண்ணு வேற!"

எனக்குச் சுருக்கென்றது. பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்து வந்தேன்.

ஆறு மாதம் கழித்து அப்பாவும் நானும் ஆயில் மாற்றப் போனோம். வணக்கம்கூடச் சொல்லாமல் அவர் காருக்கு அடியில் நுழைந்தார். நான் பானெட்டைத் திறந்தேன்.

"உன்னுது மூணும் கீதா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இருக்கு. உங்களுது?"

"கீது."

அந்தக் காரை விற்கும்வரை நாங்கள் வேறு மெக்கானிக்கிடம் போகவில்லை.